ஒரு நாள் அட்மிஷன் போட்டால் இம்ப்ளான்ட்டுக்குப் பணம் வருமா?

கேள்வி: ஈரோட்டில் தையல் யூனிட் வைத்திருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் சேர்த்து 5 லட்ச ரூபாய்க்குக் குடும்ப ஹெல்த் பாலிசி எடுத்து, 2017-லிருந்து விடாமல் கட்டிவருகிறோம். ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. கணவருக்கு 55 வயது. 2020-லிருந்து சர்க்கரை. கீழ்த்தாடையில் இடப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை. டாக்டர் சீட்டில் 36, 37 என்று எழுதியிருக்கிறார். முதல் பல், 2022-ல் நாய் குறுக்கே வந்து பைக்கோடு விழுந்து தாடை அடிபட்டபோது உடைந்தது. மறுநாள் பிடுங்கினோம். இரண்டாவது, வேர் சிகிச்சை செய்து கேப் போட்டிருந்த பல். போன மாதம் முறுக்கு கடித்ததில் பிளந்து, அதையும் எடுத்தாயிற்று. இரண்டுக்கும் இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல், வைக்க 1,15,000 ரூபாய் என்கிறார்கள். பாலிசியில் வராது என்று ஹெல்ப்லைனில் சொல்லிவிட்டார்கள். கிளினிக்கில், “தெரிஞ்ச நர்சிங் ஹோம்ல ஒரு நாள் அட்மிஷன் போட்டுத் தர்றோம், ஆக்சிடென்ட்னு எழுதிக்கலாம்” என்கிறார்கள். ஏஜென்ட், பல்லுக்கும் சேர்த்து வரும் புது பாலிசிக்கு மாறச் சொல்கிறார். அதுவும் இல்லாவிட்டால் கிளினிக்கிலேயே வட்டியில்லாத தவணை இருக்கிறதாம். இத்தனை வருஷம் கட்டியும் ஒரு பல்லுக்குக்கூட வராது என்றால் எதற்கு இந்தப் பாலிசி?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரியில் இருக்கும் கோபம் எனக்குப் பழக்கமானது. இருபத்திரண்டு வருஷம், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கிளெய்ம் பரிசீலிக்கும் டிபிஏ அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பல்லுக்காக வந்த கோப்புகளில் பாதிக்கு மேல் ‘நிராகரிப்பு’ என்று எழுதிய கை இது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹெல்ப்லைனில் சொன்னது சரி, உங்களுக்கு இந்த இரண்டு பல்லுக்கும் பணம் வராது. கிளினிக்கில் காட்டும் குறுக்குவழியில் போனால் பாலிசியையே இழக்க நேரும். நீங்கள் பணம் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் வேறு. அந்த எஸ்டிமேட்டிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏன் வராது என்று ஹெல்ப்லைனில் யாரும் விளக்குவதில்லை. பாலிசிப் புத்தகத்தில் இதற்கு இரண்டு பூட்டு போட்டிருக்கிறார்கள். முதல் பூட்டு, படுக்கை. நாம் மெடிக்ளெய்ம் என்று சொல்வது ஆஸ்பத்திரியில் படுத்தால் கிடைக்கிற பணம். 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் டே கேர் வகையில் வர வேண்டும். “கண்புரை ஆபரேஷன் டே கேர்ல வருதே, இம்ப்ளான்ட்டும் மரத்துப்போக ஊசி போட்டு அறுத்துத்தானே வைக்கிறாங்க?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் டே கேர் என்பதற்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கொடுத்திருக்கும் விளக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது: ஒரு நாளுக்கு மேல் படுக்க வேண்டியிருந்த சிகிச்சை, தொழில்நுட்ப வளர்ச்சியால் சில மணி நேரத்தில் முடிவதாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு இம்ப்ளான்ட் என்பது நாற்காலியில் சாய்ந்தபடியே வைத்துக்கொண்டு, கன்னத்தில் ஐஸ் வைத்தபடி வீட்டுக்குப் போகிற காரியம். அது ஓபி, அதாவது புறநோயாளிக் கணக்கு.

இரண்டாவது பூட்டு, பல். பெரும்பாலான பாலிசிகளின் விலக்குப் பட்டியலில், பல் சிகிச்சை எதுவும் சேராது, ‘விபத்தால் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் தவிர’ என்று ஒரு வரி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வார்த்தை மாறும், பொருள் மாறாது. 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தோடு விற்கத் தொடங்கிய ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி மட்டும் கொஞ்சம் தாராளம். அதில் காயத்தோடு நோயால் வரும் பல் சிகிச்சையையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் முதல் பூட்டு அப்படியே தொங்குகிறது.

கம்பெனிகள் பல்லைக் கண்டு இப்படி ஒதுங்குவதற்குக் காரணம் லேசானது. இன்சூரன்ஸ் என்பது பத்துப் பேர் கட்டி ஒருவர் வாங்குகிற சீட்டு மாதிரி. பல் விஷயத்தில் ஐம்பது வயதுக்கு மேல் பத்துப் பேருமே வாங்க வந்து நிற்பார்கள்.

இப்போது அந்த விபத்து. 36-ஆம் பல் உண்மையிலேயே விழுந்துதானே போயிற்று, கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். 2022-ல் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, விபத்துப் பதிவேட்டில் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘36 முறிவு’ என்று இருந்திருந்தால் அன்றைய செலவுக்குக் கேட்டிருக்கலாம். நீங்கள் மறுநாள் கிளினிக்கில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். கையில் இருப்பது ஒரு பில் மட்டும். சரி, எல்லாக் காகிதமும் இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் இம்ப்ளான்ட் தப்பியிருக்காது என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவைப் பெரும்பாலான பாலிசிகள் 60 அல்லது 90 நாள் வரைதான் தரும். பல் எடுத்த குழி ஆற வேண்டும், திருகு வைத்தபின் அது எலும்போடு ஒட்ட வேண்டும். கீழ்த்தாடையில் அதற்கு மட்டுமே ஏறத்தாழ மூன்று மாதம், மேல்தாடையில் இன்னும் கூடுதல். கேப் போடுகிற நாள் வரும்போது பாலிசியின் கெடு எப்போதோ முடிந்திருக்கும். மோதியது இன்னொருவருடைய வண்டியாக இருந்திருந்தால், அந்த வண்டியின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் வழியாகப் போன பல்லுக்கும் இனி ஆகப்போகும் வைத்தியச் செலவுக்கும் இழப்பீடு கேட்டிருக்கலாம். நாய்க்கு இன்சூரன்ஸ் கிடையாது.

அடுத்தது அந்த ஒரு நாள் அட்மிஷன். உங்கள் கிளினிக்காரர் இதை ஏதோ உதவி போலச் சொல்கிறார். நான் பார்த்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். ‘படியில் தவறி விழுந்து தாடையில் காயம், இரண்டு நாள் உள்நோயாளி’ என்று ஒரு கிளெய்ம் வந்தது. பில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. சந்தேகம் வந்தது மருந்துப் பட்டியலில்தான். இரண்டு நாள் படுத்தவருக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ்கூட ஏற்றவில்லை, ஆனால் டைட்டானியம் திருகு மூன்று வாங்கியிருந்தார்கள். விசாரணை ஆள் போனார். ‘ஆஸ்பத்திரி’ என்று சொல்லப்பட்ட இடத்தில் நான்கு கட்டில். உரிய சட்டப்படி ஆஸ்பத்திரியாகப் பதிவாகாத இடம் என்றால், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற இடங்களில் 15 படுக்கை, ராப்பகலாக நர்ஸ், சொந்த ஆபரேஷன் தியேட்டர் இருந்தால்தான் பாலிசி அதை ஆஸ்பத்திரி என்று ஒப்புக்கொள்ளும். அன்றைக்கு அந்த நோயாளி தன் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்துக் கடைக்காரரே வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். கிளெய்ம் போயிற்று, பாலிசியும் ரத்தாயிற்று. அந்த மனிதருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு உண்டு. அதன்பின் வேறு கம்பெனி எதுவும் அவரைச் சேர்க்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். பில் போட்டுக் கொடுத்த இடம் மட்டும் ஜோராக நடந்துகொண்டிருந்தது.

உங்களுக்கு இதில் இழப்பு இன்னும் பெரிது. ஹெல்த் பாலிசியைத் தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால், ‘அன்றைக்கு இதைச் சொல்லவில்லை, அதை மறைத்தாய்’ என்று கம்பெனி பழைய கதையைக் கிளற முடியாது. முன்பு எட்டு வருஷம் என்றிருந்ததை 2024-ல் ஐந்தாகக் குறைத்தார்கள். உங்கள் பாலிசி அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது. கணவருக்குச் சர்க்கரை வந்தது பாலிசி எடுத்த பிறகு, ஆகவே அதையும் முன்னரே இருந்த நோய் என்று சொல்ல முடியாது. இந்தப் பாதுகாப்புக்கு ஒரே ஒரு விலக்கு: நிரூபிக்கப்பட்ட மோசடி. ஒரு நாள் அட்மிஷன் காகிதத்தில் கையெழுத்துப் போடப்போவது நர்சிங் ஹோம் மட்டும் அல்ல, நீங்களும்தான்.

ஏஜென்ட் சொல்லும் புது பாலிசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல்லுக்குச் சேர்த்து வருகிற பாலிசிகள் இருக்கின்றன. அவை தருவது பெரும்பாலும் ஓபி பகுதியில் வருஷத்துக்குச் சில ஆயிரம் என்ற வரம்புக்குள் சுத்தம் செய்வது, அடைப்பது, பிடுங்குவது, வேர் சிகிச்சை. இம்ப்ளான்ட் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் விலக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். இதற்காக எழுந்து புதிதாக ஒரு பாலிசியில் போய் உட்கார்ந்தால், கணவரின் சர்க்கரை அங்கே ‘முன்னரே இருந்த நோய்’ ஆகிவிடும். அது சார்ந்த எதற்கும் மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 60 மாதக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். போர்ட்டிங் முறையில் மாறினால் பழைய வருஷங்களைக் கணக்கில் எடுப்பார்கள், உண்மைதான். ஆனால் 55 வயது, சர்க்கரை என்றதும் ஏற்க மறுக்கும் உரிமையும் புதுக் கம்பெனிக்கு இருக்கிறது. மாறுவதால் ஏஜென்டுக்கு என்ன லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளின் பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போய்விட்டது. அதில் மிச்சமாகும் தொகையைத் தனியாக ஒரு ஆர்டியில் போட்டு வையுங்கள். எனக்குத் தெரிந்து பல்லுக்கு அதைவிட நல்ல பாலிசி இல்லை.

இனி அந்த 1,15,000 ரூபாய்க்கு வருவோம். நான் பல் டாக்டர் இல்லை, எந்த சிகிச்சை என்று முடிவு செய்வது அவர் வேலை. ஆனால் பில் படிப்பது என் தொழில்.

நாம் இம்ப்ளான்ட் என்று ஒரே சொல்லில் சொல்வது மூன்று சாமான். எலும்புக்குள் போகும் டைட்டானியம் திருகு, அதன்மேல் நிற்கும் அபட்மென்ட், எல்லாவற்றுக்கும் மேலே பல்லாகத் தெரிகிற கேப். ‘வெறும் 20,000 ரூபாயில் இம்ப்ளான்ட்’ என்று பேனர் வைக்கிறவர்கள் பல நேரம் திருகோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆகவே உங்கள் எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்தக் கம்பெனித் திருகு, அபட்மென்ட் எவ்வளவு, கேப் ஜிர்கோனியாவா உலோகத்தின் மேல் செராமிக்கா, ஸ்கேன் எவ்வளவு, எலும்புத் தூள் வைக்கும் கிராஃப்ட் சேர்ந்திருக்கிறதா. நம் பக்கம் ஒரு பல்லுக்கு எல்லாம் சேர்த்து 25,000-லிருந்து 60,000 வரை வாங்குகிறார்கள். கொரியத் திருகு என்றால் கீழ்ப்பாதி, ஸ்ட்ராமன், நோபல் பயோகேர் போன்ற ஐரோப்பியத் திருகு என்றால் மேல்பாதி. உங்களுக்குச் சொல்லியிருப்பது பல்லுக்கு 57,500. கொரியத் திருகை வைத்துக்கொண்டு இந்த விலை சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம் கிராஃப்ட். இரண்டு பல்லுக்கும் ஒரே மாதிரி கிராஃப்ட் போட்டிருந்தால் கேளுங்கள். 36 போய் வருஷக்கணக்காகிறது. பல் இல்லாத இடத்தில் எலும்பு தேய்ந்திருக்கும், அங்கே தேவைப்படலாம். 37 போன மாதம் எடுத்த குழி, அதன் கதை வேறு. இதை ஊகத்தில் சொல்ல முடியாது, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்தால் தெரியும். கீழ்க் கடைவாய்க்கு அடியில் உதட்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு ஓடுகிறது என்பதால் அந்த ஸ்கேன் எப்படியும் வேண்டும். ஸ்கேன் பார்ப்பதற்கு முன்பே கொடுத்த எஸ்டிமேட் என்றால் அது கைக்கு வந்த எண்.

என் கண்ணில் முதலில் பட்டது இதெல்லாம் இல்லை, உங்கள் டாக்டர் எழுதிய அந்த 36, 37 தான். முதல் எண் 3 என்றால் கீழ் இடது. 6 முதல் பெரிய கடைவாய்ப் பல், 7 அதற்குப் பின்னால் உள்ளது. மெல்லுகிற வேலையில் பெரும்பங்கு 6-ஆம் பல்லுடையது. 37-ஐ அப்படியே விட்டுவிட்டு 36-க்கு மட்டும் வைத்தால் போதுமா என்று கேளுங்கள். மேலே எதிர்ப்பல் கீழே இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லலாம், வலப்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். அதெல்லாம் நியாயமான காரணங்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ‘போதும்’ என்று பதில் வந்தால் செலவு பாதியாகக் குறையும். என் அனுபவத்தில், நாம் கேட்காமல் இந்தப் பதில் தானாக வருவதில்லை. பிரிட்ஜ் போடலாமே என்று யாராவது சொன்னால், பிரிட்ஜுக்கு இரண்டு பக்கமும் தூண் வேண்டும். 37-க்குப் பின்னால் ஞானப்பல் உறுதியாக இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கழற்றி மாட்டும் பல்செட் சில ஆயிரத்தில் முடியும். அவசரமில்லாமல் பணம் சேர்க்கும்வரை அதை வைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு வழி பல் மருத்துவக் கல்லூரி. உங்களுக்குக் குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கமே தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் பக்கத்தில் நிற்க வைப்பார்கள், கட்டணம் வெளிக் கிளினிக்கைவிடக் குறையும். நாலு நடை கூடுதலாக நடக்க வேண்டும், ஒவ்வொரு நடைக்கும் அரை நாள் போகும். யூனிட்டை யார் பார்த்துக்கொள்வது என்பது உங்கள் கணக்கு. அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது, புதுக்கோட்டையிலும் ஒன்று வந்திருக்கிறது. ஈரோட்டிலிருந்து பல தடவை போய் வருகிற பஸ் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

வட்டியில்லாத தவணை பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பெரும்பாலும் அது கிளினிக் தருகிற தவணை இல்லை, ஒரு நிதி நிறுவனம் உங்கள் கணவர் பெயரில் தருகிற கடன். முழுத் தொகையும் முதல் நாளே கிளினிக் கணக்குக்குப் போய்விடும். சிகிச்சையோ ஐந்தாறு மாதம் ஓடும். நடுவில் திருகு ஒட்டாமல் போனாலும், டாக்டர் ஊர் மாறினாலும், உங்களுக்கே பிடிக்காமல் போனாலும் மாதத் தவணை நிற்காது. முதலில், மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். ஐயாயிரமோ பத்தாயிரமோ குறைத்தால் அதுதான் அந்த ‘இல்லாத’ வட்டி. சிகிச்சை நடக்க நடக்கக் கொடுப்பதுதான் நல்லது: திருகு வைக்கிற அன்று ஒரு பங்கு, அது ஒட்டியபின் அபட்மென்ட்டுக்கு ஒரு பங்கு, கேப் மாட்டுகிற அன்று மிச்சம். சொன்னால் ஒத்துக்கொள்கிற கிளினிக்குகள்தான் அதிகம். ரசீது ஒவ்வொரு தடவையும் வாங்குங்கள். சிகிச்சைக்கான பில்லில் ஜிஎஸ்டி சேர்க்கக் கூடாது, சேர்த்திருந்தால் கேளுங்கள். திருகின் பெட்டியில் கம்பெனி பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டிக்கொள்ளுங்கள். ‘லைஃப்டைம் வாரன்டி’ என்று சொல்வது பெரும்பாலும் அந்தத் திருகுக்கு மட்டும்தான். மறுபடி வைக்கும் கூலி, கேப், கிராஃப்ட் எல்லாம் யார் தலையில் என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எவ்வளவு என்று கேட்காமலே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் திருகு ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடும், அந்த நஷ்டத்துக்கும் இன்சூரன்ஸ் இல்லை.

எதற்கு இந்தப் பாலிசி என்று கேட்டீர்கள். உங்கள் கணவர் 55 வயதுச் சர்க்கரைக்காரர். நாளைக்கு ஒரு ஸ்டென்ட், ஆறாத காலில் ஒரு ஆபரேஷன் என்று வந்தால் 5 லட்சமே போதுமா என்பதுதான் என் கவலை. ஏஜென்ட் வீட்டுக்கு வரும்போது பல்லை விட்டுவிட்டு, இந்த 5 லட்சத்துக்கு மேல் போகிற செலவைத் தாங்கும் சூப்பர் டாப்-அப் பாலிசிக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. சிபிசிடி ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் முழுக்கப் படித்துப் பாருங்கள். தாடை எலும்புக்குள் சிஸ்ட், கட்டி, பழைய முறிவு என்று ஏதாவது எழுதியிருந்தால் அது பல் விவகாரம் இல்லை, தாடை விவகாரம். ஆஸ்பத்திரியில் சேர்ந்து மயக்கம் கொடுத்துச் செய்கிற அந்த ஆபரேஷனுக்கு உங்கள் பாலிசியில் கேட்க முகாந்திரம் உண்டு. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பல் சிஸ்ட்’ என்று மொட்டையாக எழுதிவிட்டால், என்னைப் போல ஒருவர் மேசையில் உட்கார்ந்துகொண்டு பல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் நிராகரித்துவிடுவார். நானே அப்படி ஒன்றை நிராகரித்திருக்கிறேன். அந்தக் குடும்பம் சும்மா விடவில்லை. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராததால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போனார்கள். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போனால் போதும். ஸ்கேன் படத்தை நீட்டி, “இது தாடை எலும்பு சார், பல் இல்ல” என்று நோயாளியின் மகள் சொன்னாள். பணம் வந்தது. ஸ்கேனில் அப்படி ஏதாவது தெரிந்தால், ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவதற்கு முன் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்புங்கள்.